ஐஸ் அவுஸ்: என் அத்தைப்பாட்டியின் பிறந்த வீடு

பெண்களுக்குப் பெயர் மாறுவது ஒன்றும் புதிதில்லை. பிறந்த வீட்டில் வைத்த பெயர் ஒன்று. புகுந்த வீட்டில் மாமியாருக்கும் அதே பெயராக இருந்துவிட்டால், கூப்பிடுவதற்கென்று இன்னொன்று. குழந்தை பிறந்துவிட்டாலோ எந்தப் பெயரும் வேண்டாம், 'ராஜு அம்மா', 'கீதா அம்மா'தான்! சென்னைக் கடற்கரைச் சாலையில் ஒரு கட்டிடத்தின் கதையும் நம் கதையைப் போலவேதான். அதற்கு வாசல் பலகையில் ஒரு பெயர். ஆட்டோக்காரரிடம் சொல்ல வேறொரு பெயர். நடுவில் வந்து மறைந்து போன பெயர் ஒன்று. இதற்கெல்லாம் இடையில், பெயரே வைக்கப்படாத சில வருஷங்களும் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு முக்கியமானவை அந்த வருஷங்கள்தான்.

காமராஜர் சாலையில் மெரினாவைப் பார்த்துக்கொண்டு, முன்பக்கம் வட்டமாக, கல்யாண கேக்கை அடுக்கி வைத்த மாதிரி நிற்குமே, அந்தக் கட்டிடம்தான். பலகையில் 'விவேகானந்தர் இல்லம்'. ஊர் வாயில் இன்னும் 'ஐஸ் அவுஸ்'. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூட அந்தப் பெயர்தான்.

அது என்ன ஐஸ் அவுஸ்? நிஜமாகவே ஐஸ் இருந்ததா என்று குழந்தைகள் கேட்பார்கள். இருந்தது. அதுவும் அமெரிக்கா ஐஸ்!

கப்பலில் வந்த குளிர்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஃபிரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி இருந்தார். குளிர்காலத்தில் அங்கே குளங்கள் எல்லாம் கல் போல் உறைந்துவிடும். குதிரை பூட்டிய கருவியால் கோடு கிழித்து, பர்பி துண்டு போடுகிற மாதிரி சதுரம் சதுரமாக அறுத்து எடுப்பார்கள். அதைக் கப்பலில் ஏற்றி, வெயில் கொளுத்துகிற ஊர்களுக்கு அனுப்பி விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஊரே சிரித்தது. மனிதர் விடவில்லை. 1833-ல் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஐஸ் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாதப் பிரயாணம், வழியெல்லாம் வெயில். அப்படியும் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்ததாம்!

இது மந்திரம் இல்லை, நம் சமையலறைச் சங்கதிதான். வெல்லத்தைப் பொடித்துத் தண்ணீரில் போட்டால் உடனே கரைகிறது. அச்சு வெல்லத்தை முழுசாகப் போட்டால்? நேரமாகும் இல்லையா? பனிக்கட்டியும் அப்படித்தான். கட்டி கட்டியாக இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கிவிட்டால் மெதுவாகத்தான் கரையும். சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிவிட்டால் அந்தத் தூளுக்குள் மாட்டிக்கொண்ட காற்று வெளிச்சூட்டை உள்ளே விடாது. சாதம் வடித்த பானையைச் சாக்குத் துணியால் சுற்றி வைத்தால் மாலை வரை சூடு நிற்கிறதே, அதே சங்கதி. அங்கே சூடு வெளியே போகக் கூடாது, இங்கே உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான்.

கல்கத்தாவைத் தொடர்ந்து பம்பாயிலும் சென்னையிலும் ஐஸ் கிடங்கு எழும்பியது. சென்னைக் கிடங்கு 1842-ல் கட்டினது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலிலேயே நின்றுவிடும். மசூலா படகில் சரக்கை இறக்கி, அலையோடு மல்லுக்கட்டிக் கரை சேர்க்க வேண்டும். கிடங்கு கடலோரத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு நிமிஷமும் சரக்கு தண்ணீராகிக்கொண்டிருந்தால் எந்த வியாபாரி ஊருக்குள் போய் இடம் தேடுவான்?

அந்த ஐஸ் நம் கொள்ளுப்பாட்டிமார் வீட்டுக்கு வந்திருக்காது. துரைமார் வீட்டு விருந்துக்குப் போயிருக்கும். கடும் ஜுரத்தில் கிடக்கிற வெள்ளைக்காரர் நெற்றிக்குப் போயிருக்கும். இப்போது ஃபிரிட்ஜைத் திறந்து டிரேயைத் தட்டி எடுக்கிறோம். அந்த ஒரு துண்டு அந்தக் காலத்தில் பூமியைப் பாதி சுற்றி வந்திருக்கிறது!

பிறகு நீராவி யந்திரத்தின் உதவியால் இங்கேயே ஐஸ் செய்ய ஆரம்பித்தார்கள். கப்பல் ஐஸுக்குக் கிராக்கி போய்விட்டது. 1880 வாக்கில் டியூடர் கம்பெனியின் வியாபாரம் படுத்தது. கல்கத்தா, பம்பாய்க் கிடங்குகள் இன்று இல்லை. மூன்று அக்கா தங்கைகளில் மிஞ்சியது சென்னைக்காரி மட்டும்தான்.

வக்கீல் வீடு

வெறும் கிடங்காக நின்ற அதை வாங்கியவர் பிலிகிரி ஐயங்கார், ஹைகோர்ட் வக்கீல். வட்ட வட்டமாகத் தாழ்வாரம் எடுத்து, ஜன்னல் வைத்து, வீடாக மாற்றினார். நீதிபதி கெர்னன் என்பவர் மேல் இருந்த மரியாதையினால் 'காஸில் கெர்னன்' என்று பெயரிட்டார். ஆனால் ஐஸ் கரையாமல் இருப்பதற்கென்று கட்டின இடத்தில் காற்று எப்படி வரும்? குடியிருக்கச் சௌகரியமாக இல்லாமல், ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு பகுதியைக் கொடுத்தார் என்று சொல்வார்கள். நல்ல மனசு!

சிகாகோவில் பேசிப் புகழ் பெற்றுத் திரும்பிய சுவாமி விவேகானந்தர், 1897 பிப்ரவரி 6-ம் தேதி எழும்பூர் ரயிலடியில் வந்து இறங்கினார். இளைஞர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே இழுத்துக்கொண்டு வந்தார்கள். வண்டி வந்து நின்ற இடம் இந்த வீடு. 9 நாள் இங்கே தங்கினார். அவர் அனுப்பி வைத்த சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அதே வருஷம் இங்கே வந்து மடத்தை ஆரம்பித்தார். தென்னாட்டில் ராமகிருஷ்ண மடம் வேர் பிடித்தது இந்த வீட்டில்தான். 1902-ல் ஐயங்கார் காலமானார். 1906-ல் வீடு ஏலத்துக்குப் போயிற்று. மடம் மறுவருஷம் மயிலாப்பூருக்குச் சொந்த இடம் தேடிப் போய்விட்டது.

இது வரைக்கும் உள்ள கதை சென்னையில் ரொம்பப் பேருக்குத் தெரியும். பேச்சு பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். 1917-ல் அரசாங்கம் அந்தக் கட்டிடத்தை வாங்கியது. எதற்கு? பால்ய விதவைகள் தங்கிப் படிக்க.

சிஸ்டர் வந்தார்

சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றி உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்களோ தெரியாது. 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். 11 வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே வீட்டுக்காரர் போய்விட்டார். அந்த நாள் வழக்கப்படி தலையை மழித்து, மூலையில் உட்கார வைத்திருக்க வேண்டும். அவர் அப்பாவும் அம்மாவும் அதைச் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். சென்னை ராஜதானியில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

தான் தப்பித்தது போதும் என்று அவர் இருக்கவில்லை. எழும்பூரில் நாலே நாலு இளம் விதவைகளை வைத்துக்கொண்டு ஒரு விடுதி ஆரம்பித்தார். 1912-ல் சாரதா மகளிர் சங்கத்தை நிறுவினார். வீட்டு நிர்வாகம் முழுக்க அவருடைய சித்தி வாலாம்பாள். அவரும் பால்ய விதவைதான். ஒரு பெண் வெளியே போய் நாலு பேரைப் பார்த்துக் காரியம் சாதிக்க, உள்ளே ஒரு பெண் உலை வைத்து ஊறுகாய் போட்டு அத்தனை பெண் குழந்தைகளையும் கவனித்துக்கொண்டார். கூட்டம் பெருகியது. இடம் போதவில்லை. அப்போதுதான் ஐஸ் அவுஸ் கிடைத்தது.

அங்கே 1922-ல் வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி என் அத்தைப்பாட்டி, அதாவது என் தாத்தாவின் தங்கை. வயது 14. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். 9 வயதில் கல்யாணம், 11-ல் எல்லாம் முடிந்தது. மூன்று வருஷம் ரேழிக்குப் பக்கத்து அறையில் இருந்தாளாம். யாராவது வெளியே கிளம்பினால் அவள் எதிரே வரக் கூடாது. அதனால் வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டாலே உள்ளே ஒதுங்கிவிடப் பழகிவிட்டாள். தாத்தாதான் யாரிடமும் சொல்லாமல் ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு வந்து விட்டாராம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் கேட்டேன்: "கடலை முதல் முதல்ல பார்த்தப்போ உங்களுக்குப் பயமா இருந்துதா பாட்டி?"

"பயமா? அந்த அறை இருட்டை விடவாடி கடல் பயம்!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அலை நிக்காம சத்தம் போட்டுண்டே இருக்கும் பாரு, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. யாரோட காலடியும் கேக்காது" என்றாள்.

அப்போது எனக்கு அது புரியவில்லை. எனக்கே பெண் பிறந்த பிறகுதான் புரிந்தது.

அவள் அங்கே தங்கிப் படித்து, ஆசிரியைப் பயிற்சியும் முடித்தாள். 'ஐஸ் அவுஸ்ல படிச்சேன்னு பேரு, ஒரு துண்டு ஐஸைக் கண்ணால பார்த்ததில்லே' என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பிறகு 30 வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. தாத்தா அல்பாயுசில் போனபோது, நாலு குழந்தைகளோடு நின்ற மன்னிக்கு மாதா மாதம் மணியார்டர் அனுப்பினது அவள்தான். என் அப்பாவின் பரீட்சைக் கட்டணம் அவள் சம்பளம். அத்தைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் முடித்ததும் அவள் சம்பளம். எந்தக் காலடியைக் கேட்டு அவள் ஒளிந்துகொண்டாளோ, அந்த வீட்டில் பிறகு விசேஷத்துக்குத் தேதி வைக்கும்போது, "அவளுக்கு லீவு இருக்கான்னு கேட்டியா?" என்று முதல் கேள்வி வந்ததாம்!

வருஷா வருஷம் கோடை லீவில் எல்லாரும் பிறந்த வீட்டுக்குப் போவோம் இல்லையா? அவளுக்குப் பிறந்த வீடு எது? பிறந்த கிராமத்தைப் பற்றி அவள் பேசினதே இல்லை. "எங்காத்துல" என்று ஆரம்பித்தால் அது ஐஸ் அவுஸ்தான். எங்காத்து மாடி, எங்காத்துத் தாழ்வாரம், எங்காத்துல வாலாம்பாள் சித்தி பண்ற ரசம்!

பூசி மறைக்க வேண்டாம்

இதை ஒரு தோழியிடம் சொன்னபோது அவள் வெடுக்கென்று கேட்டாள்: "அது பிராமணப் பெண்களுக்கு மட்டும்தானே? மத்த ஜாதி விதவை எல்லாம் எங்கே போவாளாம்?"

நியாயமான கேள்வி. அந்த விடுதி பிராமண விதவைகளுக்கென்றே இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாக ஆகும். அந்த வாசலுக்கு வெளியே எத்தனையோ பெண்கள் நின்றுவிட்டார்கள். சுப்புலட்சுமி அம்மாளே பக்கத்துக் குப்பத்து மீனவர் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏற்படுத்திக் கொடுத்ததும் உண்டு. ஒரு பழைய கட்டிடம் நின்றால்தான் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்க முடிகிறது: யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை? இடித்துவிட்டால் கேள்வி கேட்கவும் ஆளிராது.

எங்கள் வீட்டில் அவளுடைய ஒரே ஒரு போட்டோ இருக்கிறது. ஐஸ் அவுஸில் வரிசையாக நிற்க வைத்து எடுத்த குரூப் போட்டோ. அவள் முகம் கடுகளவு. எந்தக் கடுகு அவள் என்று எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. பின்னால் உள்ள தூணும் வளைந்த தாழ்வாரமும் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன. என் பெண்ணை அழைத்துப் போய், அந்தக் கட்டிடத்துக்கு எதிரே நிறுத்தி, "இங்கேதான், இந்தத் தாழ்வாரத்தில்தான் நின்றாள்" என்று என்னால் காட்ட முடிந்தது. முகம் தேய்ந்துவிட்டது, இடம் தேயவில்லை. எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை?

1941-ல் அது பயிற்சி பெறும் ஆசிரியைகளுக்கு விடுதியாயிற்று. 1963-ல் சுவாமிஜியின் நூற்றாண்டின்போது விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டினார்கள். 1997-ல் அரசாங்கம் கட்டிடத்தை ராமகிருஷ்ண மடத்திடம் குத்தகைக்குக் கொடுத்தது. பழுது பார்த்து, 1999-ல் கண்காட்சி திறந்தார்கள். இப்படி ஒருவர் மாற்றி ஒருவர் உபயோகித்துக்கொண்டே இருந்ததால்தான் அது பிழைத்தது. பூட்டி வைத்த வீட்டைப் போல் சீக்கிரம் பாழாவது வேறு எது?

எல்லாக் கட்டிடத்துக்கும் அந்த யோகம் இல்லை. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போயிற்று. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம். ஐஸ் அவுஸ் இருக்கும் அதே சாலையில் 1914-ல் ஆரம்பித்த ராணி மேரிக் கல்லூரி, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. 2003-ல் அதை எடுத்துவிட்டுப் புதிய தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் வந்தது. மாணவிகள் வாசலை விட்டு நகர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி இன்றும் நடக்கிறது. 2012-ல் பாரம்பரியக் கட்டிடங்களுக்கென்று தமிழ்நாட்டில் சட்டமும் வந்தது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் 'இது எங்களுடையது' என்று சொல்ல ஆள் இருந்தால்தான் அதற்குப் பலம்.

நாம் என்ன செய்யலாம்?

'அரண்மனையும் கோட்டையும் காப்பாற்றுவது நம்ம வேலையா? சமையலுக்கே நேரமில்லை' என்பீர்கள். உங்களிடம் கோட்டையைத் தூக்கச் சொல்லவில்லை!

உங்கள் மாமனார் வீடோ, ஊரில் உள்ள பழைய ஓட்டு வீடோ சுண்ணாம்புச் சுவராக இருந்தால், வெடிப்பு கண்டதும் மேலே சிமெண்டை அப்பிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், பிறகு வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சுவர் பொரிந்து உதிரும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் ஜோடி.

மாடிச் சுவர் இடுக்கில் இரண்டு இலையோடு அரசங்கன்று எட்டிப் பார்த்தால் அன்றைக்கே வேரோடு எடுத்துவிடுங்கள். மேலே மட்டும் கிள்ளினால் அது மறுபடி துளிர்க்கும். வேர் பருத்தால் சுவரையே பிளந்துவிடும். மழைக்கு முன்னால் தண்ணீர் போகும் குழாயில் உள்ள இலை, சருகைத் தள்ளிவிடுங்கள். பழைய வீடுகள் வயதாகிச் சாவது குறைவு, தண்ணீர் தேங்கிச் சாவதுதான் அதிகம்.

குழந்தைகளுக்கு லீவு விட்டால் ஐஸ்கிரீம் வாங்கித் தரக் கடற்கரைக்குப் போகிறோம். அப்படியே சாலையைக் கடந்து அந்த வட்டக் கட்டிடத்துக்கும் கூட்டிப் போங்கள். அமெரிக்கா ஐஸ் கதையைச் சொன்னால் வாயைப் பிளந்து கேட்கும். சுவாமிஜியைப் பற்றிச் சொல்லுங்கள். கூடவே, 'இங்கேதான் உன்னை விடக் கொஞ்சம் பெரிய பெண்கள், போக்கிடம் இல்லாமல் வந்து, படித்து, வாத்தியாரம்மா ஆனார்கள்' என்பதையும் சொல்லுங்கள். சுப்புலட்சுமி அம்மாள் 1958-ல் பத்மஸ்ரீ வாங்கினார், 1969-ல் மறைந்தார் என்று அவர் பெயரையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அந்த வருஷங்களுக்கென்று வாசலில் பெயர் இல்லை. நம் வாயிலாவது இருக்கட்டுமே.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலும் ஒரு குரூப் போட்டோ பரணில் கிடக்கும். யார் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவராவது இன்னும் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமையே அதை எடுத்துத் துடைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பென்சிலால் பின்பக்கம் மெதுவாக எழுதிவிடுங்கள்: இவர் யார், என்ன வருஷம், பின்னால் தெரிவது எந்த வீடு. பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும்.